சலவைக்குப் போன ரத்தம்

போன வாரம் நாம் விடைபெற்றபோது, செல்லத்தாய் வாசல் விளக்கை அணைக்க மனமில்லாமல் மகளுக்காகக் காத்திருந்தாள். அதைப் படித்துவிட்டுப் பலபேர் பயந்துபோனதாகக் கேள்வி. பயம் வேண்டாம். விடியற்காலையில் மகள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள்.

தலைமுடியெல்லாம் சேறு. கண்ணில் தூக்கம். தோளில் ஒரு பெரிய மூட்டை. நாகஜோதி அதைச் சுவரோரமாக இறக்கிவைத்தாள், அம்மா நீட்டிய காபியில் பாதியைக் குடித்தாள், பாயில் சாய்ந்தாள், அவ்வளவுதான். மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"ஆத்தா, பிள்ளையைக் கொண்டாந்து சேத்துட்ட. நீ நல்லா இருப்ப" என்று மாரியம்மன் படத்தைப் பார்த்து ஆசீர்வாதம் செய்துவிட்டு செல்லத்தாய் அடுப்படிக்குப் போனாள். நன்றி பொங்கி வந்துவிட்டால் அவளுக்குச் சாமி, ஆசாமி வித்தியாசம் தெரியாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜோதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நல்ல வேலையில் இருந்தவள். சித்திரை மாதம் அதை விட்டுவிட்டு, ஒரு சினிமாவில் உடையலங்கார உதவியாளராகச் சேர்ந்தாள். அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்திய சீனிச்சாமி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெண்டாட்டியைப் பார்த்து, "உன் மககிட்டச் சொல்லு" என்பார். மகள் ரெண்டடி தூரத்தில்தான் நின்றிருப்பாள்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து, இந்தப் பனியன் ஊரில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராகத் தலையெடுத்த மனிதர். மாதச் சம்பளத்தை உதறுவது என்பதை அவரால் செரிக்க முடியவில்லை. செல்லத்தாய்தான் இடையில் புகுந்து, "ஒரு படம் முடிக்கட்டும். அதுக்கப்புறம் பேசுவோம்" என்று மகளுக்காக வாதாடி வைத்திருந்தாள்.

படமும் லேசுப்பட்ட படமில்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால், ஆற்றில் தண்ணீர் வறண்ட ஒரு வருஷத்தில் வரி கட்ட மறுத்த குடியானவர்கள், சிற்றரசனின் படையை எதிர்த்து எழுந்த கலகம். பளபளப்பு ஒரு பொட்டுக்கூடக் கூடாது, சேறும் பசியும் ரத்தமும் பார்க்கிறவன் மேல் தெறிக்க வேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. மடத்துக்குளத்துக்குத் தெற்கே ஒரு பொட்டல் காட்டில் ஒரு வாரமாகப் போர் நடந்துகொண்டிருந்தது.

காலை எட்டு மணி இருக்கும். செல்லத்தாய் வீடு பெருக்கும்போது எறும்பைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வந்து, சுவரில் இறங்கி, நேராக அந்த மூட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது வரிசை.

மூட்டையைப் பிரித்தாள். பஞ்சு வைத்துத் தைத்த கைத்தறிச் சட்டைகள் ஐந்து. போர்வீரர்கள் மாரில் கவசமாகப் போடுவது. மேலெல்லாம் கருஞ்சிவப்புக் கறை, பிசுபிசுப்பு, மோந்து பார்த்தால் சர்க்கரைப் பாகு வாசம். நெஞ்சில் ஒன்று, விலாவில் ஒன்று என்று கிழிசல்கள். அதிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. சேறு வேறு அப்பியிருந்தது.

"அடப் பாவிகளா!" என்றாள் செல்லத்தாய். அவள் பார்வையில் ஐந்தும் ரிஜெக்ட் சரக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செல்லத்தாய் இருபது வருஷமாகச் செக்கிங் செக்சனில் இருக்கிறவள். இப்போது மகுடேஸ்வரன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு பனியனை விளக்கின் கீழே ஒரு தரம் உதறினால், எண்ணெய்க் கறையும் விட்டுப்போன தையலும் அவளிடம் வந்து ஆஜராகிவிடும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் காலரில் தொங்கிய நூலைப் பிய்க்க எழுந்து போனவள். அவள் கண்ணில் இந்த மூட்டை பட்டிருக்கக் கூடாது.

சினிமாக்காரர்கள் துவைத்துத் தைத்து வா என்று பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள். இது அசந்து தூங்குகிறது. எழுந்ததும் என்ன பாடுபடுமோ. அவளுடைய கணக்கு இப்படி ஓடியது. அன்றைக்கு ஞாயிறு. ஷிப்மென்ட் நெருக்கடி என்பதால் கம்பெனியில் பாதி நாள் வேலை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஏனுங்க்கா, இதென்ன, சண்டைக்குப் போனவனோட துணியாட்ட இருக்குது?" என்றாள் வேலாத்தாள். செக்கிங்கில் செல்லத்தாய்க்கு அடுத்த கை.

"சண்டைக்குத்தான் வேலா போயிருக்கு. எம்மக படத்துக்கு. நாளைக்குக் காலைல வேணும் போல. பிள்ளை பாவம், பொணமாட்டம் தூங்குது."

"அட, நம்ம ஜோதிக் கண்ணுக்கா? அத முதல்லயே சொல்றதுக்கென்ன! குடுங்க."

ஷிப்மென்ட் வேலையை முடித்த கையோடு செக்கிங்கில் இருந்த ஆறு பெண்களும் அந்தச் சட்டைகள் மேல் பாய்ந்தார்கள். அலசினார்கள். அலசியதில் போகாததைக் கறை எடுக்கிற கன் வைத்து அடித்தார்கள். டிரையரில் போட்டார்கள். வெளியே வந்த பஞ்சை உள்ளே திணித்து, கிழிசலைச் சேர்த்து, விளிம்பு தைக்கிற ஓவர்லாக் மிஷினில் ஓட்டினார்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கலகக்காரன் நெஞ்சில் ஐந்து நூல் ஓவர்லாக்! ஓரத்தில் நீட்டிய நூலையெல்லாம் டிரிம்மரால் வெட்டினார்கள். ஸ்டீம் அயர்ன் போட்டு, மடித்து, ஒவ்வொன்றையும் பாலிபேக்கில் நுழைத்து, அளவு ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். படத்தின் நாயகன் வீரணனுக்கு எக்ஸ்எல்.

செல்லத்தாய் கண் கலங்கிவிட்டாள். "உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போறேன்?"

"ஒன்னும் பண்ண வேண்டாங்க்கா. படம் வந்தா டிக்கெட் எடுத்துக் குடுங்க, போதும்" என்றாள் வேலாத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜோதி எழுந்து, கட்டிலுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான தேடுற?" பாலிபேக்குகளைப் பாயின் மேல் வரிசையாக அடுக்கினாள் செல்லத்தாய். தீபாவளிக்குத் துணி எடுத்து வந்த முகம்.

ஜோதி ஒன்றை எடுத்தாள். திருப்பினாள். நெஞ்சில் இருந்த தையலை விரலால் தடவினாள். கத்துவாள் என்றால் பதிலுக்கு நாமும் கத்தலாம். அவள் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா... இது அழுக்கு இல்லம்மா."

"பின்ன?"

"வெள்ளிக்கிழமை வீரணன் ஈட்டி குத்து வாங்கிச் சேத்துல விழுறான். படத்துல அதுக்கு அடுத்த நிமிஷம் நடக்கிறதை நாளைக்குத்தான் எடுக்கப் போறாங்க. அன்னைக்கு எந்த இடத்துல ரத்தம் இருந்துச்சோ, நாளைக்கும் அதே இடத்துல அதே அளவுக்கு இருக்கணும். கிழிசலும் அப்படித்தான். இல்லாட்டி குத்து வாங்கினவன் சலவைச் சட்டையோட சாவான். ரெண்டு நாளா மழை, டெண்ட்டெல்லாம் ஒழுகுச்சு. ரத்தம் கரைஞ்சுரக் கூடாதேன்னுதான் இங்க தூக்கிட்டு வந்தேன்."

செல்லத்தாய் பாலிபேக்குகளைப் பார்த்தாள். மழையிடமிருந்து மகள் காப்பாற்றிக் கொண்டுவந்ததை இவள் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கைப் பாலிபேக்கில் போட்டு ஸ்டிக்கர் வேறு ஒட்டியாயிற்று.

ஜோதி போனை எடுத்தாள். உடையலங்கார நிபுணர் கலைமகள் மேடத்துக்கு. ஸ்பீக்கர் போடாமலே அந்தம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வாஷ் பண்ணிட்டியா? நாகஜோதி, என்ன சொல்றே நீ? ஒரு வாரப் போர்க்களம் வேஸ்ட் ஆகும், தெரியுமா? யார் பண்ணினது?"

ஜோதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான் மேடம். நான் பாத்துக்கல."

"ஆறு மணிக்குள்ள அஞ்சு சட்டையும் பழையபடி எனக்கு போட்டோவில் வரணும். வரலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம். நான் வேற பொண்ணை ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

போன் கட்டானது. வேற பொண்ணு. அந்த வார்த்தை செல்லத்தாயை அறைந்தது. எந்த வேலைக்காகப் புருஷனோடு மல்லுக்கு நின்றாளோ, அந்த வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டாள். ஆனாலும் பிள்ளை தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று நெஞ்சு நிறைந்தும் போனது. ரெண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் அழுகைதான் மிச்சம்.

அழுதுகொண்டே எழுந்தாள். "கிளம்புடி, கம்பெனிக்கு. கழுவுன கைக்குத் திரும்பப் பூசத் தெரியாமலா போயிரும்?"

கம்பெனியில் மின்விசிறிகளை அணைத்துவிட்டார்கள். வேலாத்தாள் செருப்பை மாட்டிவிட்டாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி கொதித்துக்கொண்டிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"நாங்க பண்ணுன கூத்துக்குக் கண்ணு வேலை போறதா? கறி எங்கீங்க போயிறும். வாங்க பிரிக்கலாம்."

ஆறு பேரில் ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை.

முதலாளி மகுடேஸ்வரன் சாவியோடு நின்றவர், விவரம் கேட்டுத் தலையில் கை வைத்தார். "ஏனுங்க செல்லத்தாயி, ஒரு வார்த்தை புள்ளைய எழுப்பிக் கேக்கறதில்லீங்களா?" என்று ஒரே ஒரு தரம் கடிந்துகொண்டு, ஆபீஸ் ரூமிலிருந்த பெரிய கம்ப்யூட்டரைச் செக்கிங் டேபிளுக்கே தூக்கிவரச் சொன்னார். ஜோதி தன் போனில் எடுத்து வைத்திருந்த படங்கள் அதில் பெரிதாக விரிந்தன.

பிறகு ஜோதிதான் முதலாளி. இது ஒரு ஆர்டர், இதுதான் அப்ரூவ்டு சாம்பிள், அப்படியே வர வேண்டும் என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். மெர்ச்சண்டைசர் வேலையை விட்டாலும் வேலை அவளை விடவில்லை என்று செல்லத்தாய் பார்த்துப் பெருமைப்பட்டாள்.

ஓவர்லாக்கைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. கிழிசலைக் கிழிசலாக விடுவதுதான் பெரும்பாடு. வேலாத்தாள் ஒரு கிழிசலைப் பழையபடி பிரித்துப் பஞ்சை வெளியே இழுத்துவிட்டு, தன்னை அறியாமல் ஓரத்து நூலை நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

"சித்தி! அந்த நூலு வேணும்!"

"ஐயோ, கை பழகிப்போச்சு கண்ணு!"

கடைசியில் எல்லாரிடமிருந்தும் டிரிம்மரைப் பறித்து மகுடேஸ்வரன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து ரத்தம். பின்தெருவில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் பக்கீர் முகமதுவுக்குப் போன் போனது. மதியத் தொழுகையை முடித்தவர் சாப்பிடக்கூட உட்காராமல் வந்தார். படத்தைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டே செல்லத்தாயிடம் சொன்னார்.

"தங்கச்சி, இதுல மூணு ஷேடு இருக்கு. நடுவுல கருத்தது, சுத்தி செவந்தது, ஓரத்துல காவி. ஒரே டப்பாவுல வராது. லேப் டிப் போட்டுப் பாத்துருவோம்."

எந்தக் கலர் ஆர்டர் வந்தாலும் சின்னச் சின்னத் துணித் துண்டில் சாயம் ஏற்றி, அப்ரூவலுக்கு அனுப்புவது இந்த ஊர் வழக்கம். ரத்தத்துக்கும் அதுவே நடந்தது. பாய் சர்க்கரைப் பாகில் கலரைக் குழைத்து, ஏ, பி, சி என்று துண்டுகள் தயார் செய்தார். கலரை ஒப்பிட்டுப் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து எல்லாரும் தலையை நுழைத்துப் பார்த்தார்கள்.

"பி-யில கொஞ்சம் சிவப்பு தூக்கல் மாமா. அது இப்ப குத்துன ரத்தம். எனக்கு ஒரு நிமிஷம் ஆன ரத்தம் வேணும்" என்றாள் ஜோதி.

"நாற்பது வருச சர்வீஸ்ல இப்படி ஒரு கமெண்ட் வாங்கினது இல்லம்மா" என்று சிரித்துக்கொண்டே பாய் அடுத்த துண்டைக் கலந்தார்.

டேபிளில் விரித்து ஊற்றினால் ரத்தம் குளமாக நின்றது. உடம்பில் இருந்தால்தான் வழிய வேண்டிய பக்கம் வழியும். யாராவது போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எக்ஸ்எல் சட்டைக்கு ஏற்ற தொப்பை அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது.

"ஏனுங்கம்மிணி, நானு இப்பச் செத்துட்டனுங்களா, உசுரு கிடக்குதுங்களா?" வீரணன் சட்டைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார் மகுடேஸ்வரன். நெஞ்சு வழியாகப் பாகு இறங்கியது.

"பாதி உசுரு இருக்குங்க மாமா. அசையாதீங்க."

செல்லத்தாய் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்போம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சம்பளம் கொடுக்கிற முதலாளி தன் மகளுக்காக ரத்தம் சொட்ட நிற்கிறார், பாய் பட்டினியோடு கலர் கலக்குகிறார், வேலாத்தாள் கறிச்சோற்றை மறந்து பஞ்சு பிய்க்கிறாள். பிழைக்க வந்த ஊர் இது. யாருக்கென்று கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

நாலரை மணிக்கு நாலு சட்டைகள் படத்தில் இருந்தபடியே ஆகிவிட்டன. வீரணன் சட்டையின் முன்பக்கமும் முடிந்தது. மகுடேஸ்வரன் திரும்பி நின்றார்.

ஜோதி கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் தேடினாள். மறுபடி தேடினாள்.

"அம்மா, முதுகுப் பக்கம் போட்டோ இல்ல."

"ஏன்டி?"

"முன்பக்கம் எடுத்து முடிச்சதும் மழை வந்துருச்சு. சட்டையைச் சுருட்டிக்கிட்டு ஓடினவ, அப்புறம் மறந்தே போயிட்டேன். அவன் குப்புற விழுந்து கிடக்கிறான்மா. நாளைக்கு கேமரா பாக்கப் போறதே முதுகைத்தான்!"

"மேடத்தைக் கேளு."

"போட்டோ எடுக்க வேண்டிய ஆளே நான்தான்."

எல்லாரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள். வீரணன் சட்டையை அலசியவள் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். சேறு இருந்தது. ரத்தம்? தோளில் வட்டமாக என்னவோ... இல்லை, வேறு சட்டையா? இருபது வருஷமாகக் கறையை அழிக்கத்தான் பார்த்திருக்கிறாள். எதையும் நினைவில் வைத்துக்கொள்வதற்காகப் பார்த்ததில்லை.

"தெரியலையேடி" என்றாள்.

"முதுகுல ரத்தம் கிடையாது."

வாசல் பக்கமிருந்து வந்தது குரல். சீனிச்சாமி. வீட்டில் ஆளைக் காணோமே என்று தேடி வந்தவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

"ஈட்டி அந்தப் பக்கம் வரல. முன்னாடியோட நின்னுருச்சு. முதுகு பூரா சேறுதான், இடுப்பு வரைக்கும். இடது தோள்பட்டையில மட்டும் குதிரைக் குளம்பு அச்சு. விழுந்தவனை மிதிச்சுக்கிட்டுக் குதிரை ஓடுதுல்ல, அது. கட்டையில செஞ்ச அச்சை வச்சுப் பதிச்சாங்க."

செல்லத்தாயின் விரல் நுனிக்கு ஞாபகம் திரும்பியது. "ஆமா! தோளுல! வளைஞ்சாப்புல காய்ஞ்ச சேறு. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்!"

ஜோதி சட்டையைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சீனிச்சாமி வழக்கம்போலப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "உன் மககிட்ட..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"படத்துல கூட்டத்துக்கு ஆள் எடுத்தாங்க. ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போனேன்" என்றார் தரையைப் பார்த்து.

"கலகக்காரங்க கூட்டத்துலயா?" என்றாள் ஜோதி.

"மூஞ்சியில கரி பூசி, தலையில துண்டைக் கட்டி விட்டாங்க. யாருக்கு அடையாளம் தெரியப் போகுது? வீரணன் விழுந்தான்ல, அவன் பக்கத்துல செத்துக் கிடந்தது நான்தான்."

ஜோதி டேபிளைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எதுக்குப்பா வந்தீங்க?"

"பொட்டக் காட்டுல, முகம் தெரியாத ஆளுக நடுவுல என்ன பொழப்புப் பொழைக்கிறன்னு பாக்கத்தான். சரியில்லைன்னா கையோட இழுத்துட்டு வந்துரலாம்னு." தரையிலிருந்து பார்வையை எடுக்காமலே தொடர்ந்தார். "நீ கடைசி வரிசை வரைக்கும் தண்ணி கொண்டாந்து குடுத்த. எனக்கே ரெண்டு தரம் குடுத்த. சேத்துல கிடந்த அத்தனை பேரையும் அண்ணே, அண்ணேன்னு கை குடுத்துத் தூக்கிவிட்ட. என்னையவும் தூக்கிவிட்ட. இழுத்துட்டு வரத் தோணல."

செல்லத்தாய் புருஷனைப் பார்த்தாள். இத்தனை மாதம் கல்லு, கல்லு என்று திட்டியதை எல்லாம் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள். இவரை எனக்குக் கொடுத்ததுக்கு நன்றி ஆத்தா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஜோதி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் பாய் கலந்த ரத்தம் அப்பிக்கொண்டது. வேலாத்தாள் ஒரு அட்டையை எடுத்துக் குளம்பு வடிவத்தில் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பாய் வாளியில் சேறு குழைத்தார். சீனிச்சாமியே மகுடேஸ்வரனின் இடது தோளில் இடம் காட்டினார், "இன்னும் ஒரு விரக்கடை கீழ" என்று மகளிடம் நேராகச் சொல்லியபடி.

ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கையில் ஐந்து சட்டைகளின் படங்களும் கலைமகள் மேடத்துக்குப் போயின. பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருக்க, ஜோதி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, மேடம் ஓகே சொல்லிட்டாங்கன்னா இன்னொரு சிக்கல் இருக்கு. வெள்ளிக்கிழமை வீரணன் பக்கத்துல கிடந்த ஆளு, நாளைக்கும் அதே இடத்துல கிடக்கணும். இல்லாட்டிச் செத்தவன் எந்திரிச்சுப் போன மாதிரி ஆயிரும்."

"அடியேய்! பெத்தவரைப் போயி..." என்று செல்லத்தாய் பதறினாள்.

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். சித்திரைக்குப் பிறகு முதல்முறையாக, இடையில் யாரும் இல்லாமல்.

"காலையில வண்டி எத்தனை மணிக்கு?"

ஜோதி வாயைத் திறந்தாள். அதற்குள் டேபிளில் இருந்த போன் அடித்தது. திரையில் கலைமகள் மேடத்தின் பெயர். அவள் கை தன்னால் அந்தப் பக்கம் நீண்டது.

செல்லத்தாய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது அடிக்கட்டும்டி. அப்பா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு."